கேட்கத் தெரிந்த நடிகர்: டி. எஸ். பாலையா

தமிழ் நாடக மேடையைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக ஒரு தீர்ப்பு நிலவிவருகிறது. மேடை என்றால் பேச்சு. குரல் உள்ளவன் நடிகன். மூச்சு வாங்காமல் வசனம் பேசுகிறவன் பெரிய நடிகன். அந்த மேடையிலிருந்து வந்தவர்களால்தான் தமிழ் சினிமா பல ஆண்டுகள் வசனக் கச்சேரியாக இருந்தது என்று குறைசொல்கிறவர்கள் ஒருபுறம், அதே காரணத்துக்காக அந்தக் காலத்தை ஏக்கத்தோடு போற்றுகிறவர்கள் மறுபுறம். மற்ற எல்லாவற்றிலும் முரண்படும் இவ்விருவரும் இந்த ஒரு கருத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்போடு வழக்காடுவதே இன்றைய உரையின் நோக்கம். என் தரப்புச் சாட்சி டி. எஸ். பாலையா. 1936இல் திரைக்கு வந்து, 1972 ஜூலையில் மறையும்வரை வில்லன், நாயகன், நண்பன், அண்ணன், அப்பா, பாகவதர், தவில்காரர் என்று எத்தனையோ உருவில் வந்தவர் அவர். அவருடைய நடிப்பின் உயிர் எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்பதில் இருந்தது என்றும், அந்தக் கேட்கும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தது நாம் பேச்சுமேடை என்று பெயர்வைத்திருக்கும் அதே மேடைதான் என்றும் காட்ட முயல்கிறேன்.

பாலையா 1914இல் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர். அந்தத் தலைமுறை நடிகர்கள் பலரையும் போல அவரும் நாடகக் கம்பெனி வளர்த்த பிள்ளை. சிறுவர்களை வைத்து நடத்திய அந்த பாய்ஸ் கம்பெனி எப்படி இயங்கியது என்பதை டி. கே. சண்முகம் உள்ளிட்ட பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட சபைகளில் ஒரு பையன் தன் பாடத்தை மட்டும் படித்துவிட்டு இருக்க முடியாது. இன்று தோழி வேடம் கட்டுகிறவன் நாளை ஸ்திரீபார்ட் கட்ட வேண்டியிருக்கும். ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் சேவகனாக நின்றவன் அந்த வேடத்தை எடுத்துக் கட்ட வேண்டும். வாத்தியார் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் காது கொடுத்தே அந்தப் பாடத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிறகு மகரக்கட்டு வரும். குரல் உடைந்ததும் நேற்றுவரை நாயகியாகவோ நாயகனாகவோ பாடியவன் பாட்டில்லாத வேடங்களுக்குத் தள்ளப்படுவான். பாட்டை இழந்தவன் மேடையில் எதைக்கொண்டு நிற்பது? பாடுகிறவனை எதிர்கொண்டு நிற்பதைத்தான் அவன் கற்க வேண்டியிருந்தது. குணச்சித்திரம் என்று நாம் இன்று மரியாதையாகச் சொல்லும் கலைக்கு இந்த உடைந்த குரல்களிலும் ஒரு வேர் இருக்கிறது.

கம்பெனி நாடகத்துக்குப் பக்கத்திலேயே ஸ்பெஷல் நாடகமும் இருந்தது. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகையே இல்லாமல் இரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். வள்ளி திருமணத்தில் வேடனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டத்தில் எதிராளி எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியாது. கேட்கத் தவறியவர் மாட்டிக்கொண்டார் என்று பொருள். பேச்சின் கோட்டை என்று நாம் கருதும் இந்த மேடையில் ஆகக் கடுமையான தண்டனை, காது கொடுக்காதவருக்குத்தான்.

ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையில், கடைசி வரிசைக்காரருக்கு ஒரு நடிகர் கேட்பது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேடையில் கேட்பதென்பது கண்ணிமையின் வேலையாக இருந்திருக்க முடியாது. அது கழுத்தில் தொடங்கித் தோளுக்கு இறங்கி, துண்டைப் பிடித்த கைக்கு வர வேண்டும். பாலையாவின் திரை நடிப்பை உன்னிப்பாகப் பார்த்தால் இந்தப் பாதை தெரியும். ஒரு செய்தி காதில் விழுந்ததும் முதலில் தலை நின்றுவிடும். பிறகு கழுத்து மெதுவாகத் திரும்பும். முகம் மாறுவது கடைசியில்தான். மேடை கொடுத்த பெரிய அசைவை அவர் கேமராவுக்காகத் துறக்கவில்லை. அதன் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். அவர் நடிப்பு மிகையாகத் தோன்றும் இடத்திலும் பொய்யாகத் தோன்றாததற்கு இந்த வரிசை காரணம் என்பது என் துணிபு.

அவர் முதலில் நடித்த சதி லீலாவதி (1936) எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. எம். ஜி. ஆரும் என். எஸ். கிருஷ்ணனும் திரையில் முகம் காட்டிய முதல் படமும் அதுதான். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. கதைநாயகன் கிருஷ்ணமூர்த்தி, எம். கே. ராதா. அவனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் ராமநாதன், பாலையா. கொலை செய்துவிட்டதாக நம்பி ஓடிப்போகும் நாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தோட்டத்துக்குப் பாட்டன் பூட்டன் வந்த கதையைச் சுமந்துகொண்டிருக்கும் மலேசியத் தமிழரான நமக்கு அந்தத் திருப்பத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. ஆனால் நடிப்பைப் பற்றிய நம் விவாதத்துக்கு வேறொன்று முக்கியம். சொல்லின் பொருள் தெரியாத ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது, அவர் எதைப் பார்த்து ஒரு நடிகரைச் சரி என்று முடிவு செய்வார்? உடம்பையும் முகத்தையும் பார்த்துத்தான். மேடையில் பேசிப் பழகிய ஒரு கூட்டம் தன் பேச்சு புரியாத ஒருவர் முன் நிற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே அம்பிகாபதியில் டங்கன் பாலையாவுக்கு ருத்ரசேனன் வேடம் கொடுத்தார். எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காகவே கூட்டம் கூடிய படத்தில் பாடாத எதிரி அவர்.

பாலையாவின் வாழ்க்கையை வழக்கமாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு. முப்பதுகளில் வில்லன், நாற்பதுகளில் கொஞ்ச காலம் நாயகன், பிறகு இறங்கி அப்பா வேடம், சிரிப்பு வேடம். ஏற்றமும் இறக்கமுமாக ஒரு கோடு. இந்தக் கோடு நட்சத்திரத்தை அளக்கும் கோல். அதைக்கொண்டு இவரை அளந்தால் தவறான கணக்குத்தான் வரும். 1947இல் எம். ஜி. ஆர். நாயகனான ராஜகுமாரியில் பாலையா எதிரணியில் இருந்தார். மறு ஆண்டு மோகினியில் அவரும் எம். ஜி. ஆரும் சேர்ந்தே நாயகர்கள். 1949இல் அண்ணாவின் வேலைக்காரியில், பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனுக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணி. மூன்று ஆண்டுக்குள் எதிரி, நாயகன், நண்பன். இதில் எது மேடு, எது பள்ளம்?

நாயக வேடம் அவரிடம் நிலைக்காததற்கு அழகோ அதிர்ஷ்டமோ காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. தமிழ் சினிமாவின் நாயகன் அசையாதவன். பிறர் பேச்சால் அவன் மாறக் கூடாது. உலகம்தான் அவன் பேச்சைக் கேட்டு மாற வேண்டும். பாலையாவோ எதிராளியின் ஒரு சொல்லில் முற்றாக மாறிவிடக்கூடியவர். அவருடைய பாத்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: தன்னைப் பற்றித் தானே உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், அந்த நினைப்பு வெளியிலிருந்து வரும் ஒரு சொல்லால் ஆட்டம் காணும் நொடி. வில்லனாக இருந்தால் நாம் அந்த நொடியில் நிம்மதி அடைகிறோம். அப்பாவாக இருந்தால் சிரிக்கிறோம். அண்ணனாக இருந்தால் மனம் கசிகிறது. பாகப்பிரிவினையில் (1959) மூத்தவர் வைத்தியலிங்கமாக வந்தபோது அவர் கெட்டவரும் இல்லை, நல்லவராக நிற்கும் திராணியும் இல்லை. வீட்டில் பிறர் ஓதுவதைக் கேட்டுக் கேட்டுத் தம்பியிடமிருந்து விலகிப்போகும் ஒரு பலவீனமான மனிதர். எஸ். வி. சுப்பையாவின் தம்பி வேடம் தன் துக்கத்தை வெளிப்படையாகச் சுமக்கிறது. பாலையாவுடையது அதை மறைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறது. அந்த விறைப்புக்குள் பாசம் இருப்பதை நாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விதத்தில் கண்டுகொள்கிறோம்.

இனி 1964க்கு வருவோம். காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபுவோடு சேர்ந்து எழுதிய படம். நாயகனாக அறிமுகமான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தின் மேல் கொஞ்சம் உரிமை உண்டு. பாலையா இதில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். மகன் செல்லப்பா, நாகேஷ், ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று படக் கம்பெனி தொடங்கி, அப்பாவை உட்கார வைத்துத் திகில் கதை சொல்லும் கட்டத்தை அறியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். ஆறு பத்தாண்டுகளாக அதை நாகேஷின் காட்சி என்றே சொல்லிவருகிறோம். பேசுகிறவர், ஓசைகளை எழுப்புகிறவர், எழுந்து நடமாடுகிறவர் எல்லாம் நாகேஷ். பாலையா செய்வது கேட்பது மட்டுமே. ஆனால் நாம் சிரிப்பது எதைப் பார்த்து? கதை பயமுறுத்துகிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று பாலையாவின் முகம். முதலில் அசட்டையாக, பையனின் பைத்தியக்காரத்தனத்துக்கு இடம்கொடுக்கும் பெரிய மனிதராக உட்கார்ந்திருப்பார். எப்போது அந்தப் பெருந்தன்மை கழன்றது என்று நம்மால் சுட்டிக்காட்ட முடியாது. சட்டென்று பார்த்தால் நாற்காலியில் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் கட்டத்தை ஒலியை மட்டும் அடைத்துவிட்டுப் பாருங்கள்; கதை சொல்பவர் யாரோ கைகாலை ஆட்டுகிறவராகிவிடுவார், கேட்பவரின் முகத்தில் முழுக் கதையும் மிஞ்சியிருக்கும். மாறாகப் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்டால் பாதி நகைச்சுவை போய்விடும்.

அதே படத்தில் இன்னொரு கட்டம். தன்னிடம் வேலைபார்த்து, விரட்டப்பட்டு, வீட்டெதிரே கொட்டகை போட்டுக் குடைச்சல் கொடுத்த அசோக், பெரும் பணக்காரர் சிதம்பரத்தின் மகன் என்று விஸ்வநாதன் காதில் விழுகிறது. முதியவர் வேடமிட்டு வந்த முத்துராமன்தான் அந்தச் சிதம்பரம். அதைக் கேட்ட மாத்திரத்தில் பாலையாவின் முதுகு வளைகிறது, குரல் தேனாகிறது, மரியாதை பொங்கி வழிந்து, சேரக் கூடாத சொற்களோடெல்லாம் மரியாதை விகுதி போய் ஒட்டிக்கொள்கிறது. எழுதியவர்களுக்கு அதில் பங்குண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் பாலையா எடுத்துக்கொள்ளும் இடைவெளி எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்க முடியாது. செய்தி காதில் விழுந்து, தலை நின்று, கணக்குப் போட்டு, பிறகு முகம் மலர்கிறது. ஒரு வர்க்கத்தின் மனக்கணக்கை நாம் கண்ணால் பார்க்கிறோம். டத்தோவுக்கும் டான் ஸ்ரீக்கும் நடுவே நாற்காலியின் உயரத்தைச் சரிபார்க்கத் தெரிந்த நம் விழா ஏற்பாட்டாளர்களுக்கு அந்த மலர்ச்சியை விளக்கத் தேவையில்லை. எஸ்டேட் முதலாளியைத் துரை என்று கூப்பிட்டுப் பழகிய ஒரு சமூகம், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து, இருட்டறையில் உட்கார்ந்து ஒரு எஸ்டேட் முதலாளி இப்படி வளைவதைப் பார்த்துச் சிரித்ததில் படைத்தவர்கள் எண்ணிப்பார்த்திராத ஒரு பொருளும் சேர்ந்துகொண்டது.

தற்செயலாக அதே 1964இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படக்கூடத்திலிருந்து பி. ரம்லியின் தீகா அப்துல் என்ற மலாய்ப் படம் வந்தது. அதிலும் பணத்தாசை பிடித்த ஒரு அப்பா, மணவயதில் பெண்கள், மாப்பிள்ளைகளோடு ஒரு சூழ்ச்சி விளையாட்டு. சாடிக் செகராகா என்ற அந்த அப்பாவாக நடித்தவர் அஹ்மட் நிஸ்பு. கோபப்பட்டால் தோற்றாய் என்று மாப்பிள்ளைகளை ஒப்பந்தத்தில் மாட்டிவிட்டு, அவர்கள் கோபப்படும் நொடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் கிழவர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு ஒன்று விளங்கும். மலாய் சினிமாவின் முதல் தலைமுறை பங்சவான் மேடையிலிருந்து வந்தது. தமிழ் சினிமாவின் முதல் தலைமுறை கம்பெனி நாடகத்திலிருந்து வந்தது. இரண்டுமே ஊர் ஊராகச் சுற்றிய, பாட்டும் வேடமும் மிகுந்த மேடைகள். இரண்டிலிருந்தும் கேட்கத் தெரிந்த இந்த வகை நடிகர் வந்திருக்கிறார் என்றால், மேடை வாயை மட்டுமே வளர்த்தது என்ற தீர்ப்பு இன்னும் கொஞ்சம் தளர்கிறது. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த பக்தியை (1950) இயக்கிய எல். கிருஷ்ணன் ஒரு தமிழர் என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டிவிட்டுப் போகிறேன்.

இதற்கெல்லாம் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நீங்கள் புகழும் காட்சிகள் ஸ்ரீதருடையவை, கோபுவுடையவை, ஏ. பி. நாகராஜனுடையவை, பாலசந்தருடையவை, அறுபதுகளில் நல்ல எழுத்தும் நல்ல இயக்கமும் கிடைத்ததால் பாலையா மிளிர்ந்தார், அதை மேடையின் கணக்கில் எழுதுவது சரியா? இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. காதலிக்க நேரமில்லையை ஸ்ரீதரே இந்தியில் பியார் கியே ஜா (1966) என்று எடுத்தார். அதே கதை, அதே இயக்குநர். அப்பாவாக ஓம் பிரகாஷ், மகனாக மெஹ்மூத். கதை சொல்லும் காட்சி அங்கும் புகழ்பெற்றது. ஓம் பிரகாஷ் எளிய நடிகர் அல்லர். ஆனால் அவர் முதலிலிருந்தே எரிச்சல்படும் தந்தை; அந்த எரிச்சல் பயமாகிறது. பாலையாவிடம் விழுவது ஒரு பெரிய மனிதரின் சிம்மாசனம். அடுத்து, பாலசந்தரின் பாமா விஜயம் (1967). பக்கத்து வீட்டுக்கு வந்த நடிகை பாமாவிடம் பகட்டுக் காட்ட மூன்று மருமகள்களும் கடன்பட்டுப் பொருள் குவிக்க, அதையெல்லாம் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும் மாமனார் எதிராஜ் பாலையா. இது தீன் பஹுராணியானாக இந்திக்குப் போனபோது அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவர் பிருத்விராஜ் கபூர். சொந்தமாக நாடகக் குழு நடத்தி நாடெல்லாம் சுற்றியவர். கதையின் நடுக்கம்பமாக நிற்கும் ஒரு கிழவருக்கு அங்கும் மேடைக்காரரைத்தான் தேடியிருக்கிறார்கள். எழுத்து ஒரு இடத்தைக் காலியாக வைக்கும். அதை நிரப்பும் சரக்கு நடிகரிடம் முன்பே இருந்தாக வேண்டும். ஸ்ரீதரும் பாலசந்தரும் நாகராஜனும் வேறு வேறு பாணிக்காரர்கள். மூவரும் ஒரே மனிதரிடம் வந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியவில்லை.

திருவிளையாடல் (1965) பற்றி இன்னும் கூரான ஆட்சேபம் வரும். ஹேமநாத பாகவதரின் பெருமை அந்த ராகமாலிகை, பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா, இசை கே. வி. மகாதேவன், பாலையா வாயசைத்தார், அவ்வளவுதானே? வாயசைத்தது உண்மை. ஆனால் திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலம் பாடி வென்றவனைப் பற்றிய கதை அல்ல, கேட்டுத் தோற்றவனைப் பற்றிய கதை. அவையில் பாகவதர் பாடும்போது பாலையா தோள் குலுக்கி, சீடர்களைப் பார்த்து, சபையை அலட்சியமாக அளந்து, தன் குரலைத் தானே ரசிக்கிறார். மற்றவர் எவருடைய பாட்டையும் அதுவரை கேட்டதே இல்லாத ஆள் என்று காட்டுகிறார். பிறகு இரவில், யாரோ ஒரு விறகுவெட்டியின் பாட்டு. அங்கே அவருக்கு வசனம் இல்லை, வாயசைப்பும் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். முதலில் அந்த முகத்தில் தோன்றுவது ரசனை; தோல்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. எதிரியிடம் தோற்பதற்கு முன்னால் இசைக்குத் தலைவணங்கிவிடுகிறார் என்பதால், ஊரைவிட்டுப் போகும் அந்த ஆணவக்காரர்மேல் நமக்கு ஒரு மதிப்பும் பிறக்கிறது. விறகுவெட்டியாக வரும் சிவாஜியின் பாட்டு எவ்வளவு பெரியது என்பதை நமக்கு அளந்து சொல்லும் கருவி பாலையாவின் அந்த முகம்.

மூன்று ஆண்டு கழித்துத் தில்லானா மோகனாம்பாளில் அவர் தவில் வித்துவான் முத்துராக்கு. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, நாகராஜன் படமாக்கியது. சிவாஜியின் சண்முகசுந்தரம் நாயனக்காரர், முன்கோபி, உணர்ச்சிப் பிழம்பு. அந்தக் கோபத்தோடு கூட வாழ்ந்தாக வேண்டியவர் முத்துராக்கு. ஸ்காட் சாலை கந்தசாமி கோயிலிலும் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலும் திருவிழா மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும், தவில்காரர் பின்னால் நிற்கும் ஆள் இல்லை. நாயனத்தின் ஒவ்வொரு பிடியையும் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்; தனி ஆவர்த்தனம் வந்தால் நாயனம் மௌனமாக நிற்க வேண்டும். படம் முழுக்க பாலையா அதைத்தான் செய்கிறார். நாயனக்காரர் பொங்கும்போது ஓரத்தில் நின்று சிரிப்பை மென்று விழுங்குவதும், அவர் அவசரப்படும்போது தோழமையோடு இழுத்துப் பிடிப்பதும் ரயில் காட்சியிலிருந்து கடைசிவரை தொடர்கிறது. சிவாஜி போன்ற பேராறு கரையில்லாமல் ஓடினால் வெள்ளமாகிவிடும்; அந்தப் படத்தில் அது ஆறாகவே ஓடுவதற்குப் பாலையாவும் ஒரு கரை.

கேட்கும் நடிப்பே சிறந்தது என்றால் எம். ஆர். ராதாவை என்ன செய்வது என்று ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். ராதாவும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை. ரத்தக்கண்ணீரில் அவர் எதிராளியின் பேச்சை முடியவிடுவதில்லை. பாத்திரத்தைவிட்டு வெளியே வந்து கொட்டகையோடு நேரே பேசுகிறார். மலேசியாவில் அவர் பேசிய பேச்சு ஒலிப்பதிவாக இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மேடையில் அவர் வேறு, வாழ்வில் அவர் வேறு என்று அதைக் கேட்டால் தோன்றாது. ராதாவின் இடத்தைப் பாலையாவுக்காகக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் ராதாவும் கேட்பதில் வல்லவர். அவர் காது கொட்டகைப் பக்கம் இருந்தது, பாலையாவின் காது எதிர்நடிகர் பக்கம் இருந்தது. கொட்டகையைக் கேட்கிறவர் தனி ஆளாக நின்று வெல்வார். கூடநடிப்பவரைக் கேட்கிறவர் அவரை வெல்லவைப்பார். விருதுகளும் புகழ்மொழிகளும் முதல் வகைக்கே போவது இயல்பு.

குறையையும் சொல்லிவிட வேண்டும். தூக்குத் தூக்கியில் (1954) பாலையா வடநாட்டு சேட்டாக வருகிறார். உடைந்த தமிழில் அவர் பேசும் பேச்சுக்கு அன்று கொட்டகை அதிர்ந்தது. இன்று அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். நம் பேச்சைப் பிறர் மேடையில் போலிசெய்தால் எப்படி இருக்கும் என்று அறிந்த, பல இனம் வாழும் நாட்டில் அந்தச் சமாதானம் எடுபடாது. என் வாதத்துக்கும் இது ஒரு சோதனை. இவ்வளவு கூர்ந்து கேட்கத் தெரிந்தவர் அங்கே கேட்டது என்ன? ஒரு சமூகத்தின் பேச்சில் தமிழனுக்குச் சிரிப்பு வரும் ஓசையை மட்டுமே. ஆளைக் கேட்கவில்லை. காது கூர்மையாக இருப்பதும் நேர்மையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வைத்தியலிங்கத்தையும் விஸ்வநாதனையும் அவர் உள்ளிருந்து கட்டினார். சேட்டை வெளியிலிருந்து ஒட்டினார்.

சென்னைக் கூடத்து நடிகரைப் பற்றிக் கோலாலம்பூரில் இவ்வளவு நேரம் பேசுவானேன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பத்து சாலையில், இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், கொலிசியம் கொட்டகை பல பத்தாண்டுகள் தமிழ்ப் படங்களை ஓட்டியது. இங்குள்ள தமிழர்களின் நடிப்பு ரசனையை உருவாக்கிய பள்ளிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பள்ளியில் நாம் நாயகர்களின் நடையையும் வசனத்தையும் மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டோம் என்பது என் குறை. நம் பள்ளி நாடகப் போட்டிகளில் இன்றும் மதிப்பெண் வாங்குவது முழக்கம்தான். ஒரு மாணவன் முழங்கும்போது பக்கத்தில் நிற்கும் இன்னொருவன் தன் முறை வருவதற்காக உதட்டுக்குள் வரிகளை ஓட்டிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதைத்தான் மேடைத் தமிழின் மரபு என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

ஆனாலும் அந்த மரபு இங்கே வேறு வழியில் தலைகாட்டியிருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ஜகாட் (2015), மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான படம், தோட்டம் துண்டாடப்பட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. பேசப்பட்டது பெரும்பாலும் அதன் குண்டர்களும் சிறுவன் அப்போயும். அப்பா மணியமாக குபேன் மகாதேவன் செய்திருப்பதை எடுத்துப் பாருங்கள். மகன் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் விளங்காத, அடியைத் தவிர வேறு மொழி தெரியாத உழைப்பாளி. அவர் அடிக்கும் காட்சிகளைவிட, மகனைப் பற்றிப் பிறர் சொல்வதை நின்று கேட்கும் காட்சிகள் கனமானவை. குறை கேட்டதும் அவர் உடனே கொதிப்பதில்லை. உடம்பு முதலில் நின்றுவிடுகிறது. பாலையா சிரிக்கவைத்த இடத்தில் இவர் பயமுறுத்துகிறார், வழி ஒன்றுதான். இங்கே தொலைக்காட்சி நாடகங்களிலும் குறும்படங்களிலும் அப்பாவாக, அண்ணனாக, தோட்டத்துக் கிராணியாக, கோயில் தலைவராக வந்துபோகும் முகங்கள் எத்தனையோ. அவர்கள் எந்த நாடகத்தில் எந்த வேடம் கட்டினார்கள் என்று ஒழுங்கான பட்டியல் நம்மிடம் இல்லை. அரங்கேறிய நாடகங்களின் பிரதிகள் வீட்டுப் பெட்டிகளில் செல்லரிக்கின்றன. பாலையாவைப் பற்றி இவ்வளவு வாதாட முடிந்ததற்குக் காரணம் அவர் படங்கள் தப்பிப் பிழைத்திருப்பதுதான். சிறுவயதில் அவர் ஏறிய மேடைகளிலிருந்து ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. நம் ஊர் நடிகர்களைப் பொறுத்தவரை மேடைக்காலம் இன்னும் முடிந்துவிடவில்லை, ஆட்களும் இருக்கிறார்கள். இந்த உரையை நடத்தும் அறக்கட்டளை அடுத்த ஆண்டுக்கு ஒரு பேச்சாளரைத் தேடும் செலவில் ஒரு பகுதியைப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள மூத்த மேடை நடிகர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவுசெய்யச் செலவிடலாம் என்று முன்மொழிகிறேன். பதிவுசெய்யப் போகிறவர்கள் குறுக்கே பேசாதவர்களாக இருந்தால் போதும்.